நின்ற மோட்டார் சைக்கிளுக்கு நிற்கத் தெரியாது

எங்கள் ஊர்களில் கனகாலம் நின்ற மோட்டார் சைக்கிளை வெளியில் எடுக்கும் சடங்கு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மூடியிருந்த சாக்கை இழுத்து எறிவது, ரயருக்குக் காத்தடிப்பது, பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதுசு விடுவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது, பற்றரிக்கு சார்ஜ் ஏற்றுவது. பிறகு உதை உதையென்று உதைப்பது. பத்தாவது உதையிலோ நாற்பதாவது உதையிலோ புகையைக் கக்கிக்கொண்டு ஸ்ரார்ட் வந்துவிட்டால் வீடு முழுக்கச் சந்தோசம். "வண்டி சரியடா." அதோடு கதை முடிஞ்சுது. முன்சில்லு உருள மாட்டன் என்று நின்றால் அது ஒரு சின்னக் கரைச்சல். இரண்டு பேர் பிடித்துத் தள்ள "டக்" என்று விடும். விட்டால் அதுவும் சரி.

அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. "ஓடுது" என்பது ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த நல்ல வார்த்தை. ஓடத் தொடங்கின பிறகு நிற்குமா என்பதுதான் கேள்வி. அதை நாங்கள் கேட்பதில்லை. அப்பா கேட்பதில்லை, கராஜ் கேட்பதில்லை, அரசாங்கமும் கேட்பதில்லை.

அரசாங்கத்தை முதலில் பார்ப்போம், அது சுலபம். வருட வரிப்பத்திரம் எடுக்க வேண்டுமென்றால் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டுப் புகையை அளக்கிறார்கள். காப்புறுதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சொந்தப் பாவனைக்கான மோட்டார் சைக்கிளின் பிறேக்கை வருடத்துக்கு ஒருமுறை யாராவது பிடித்துப் பார்க்கிறார்களா? இல்லை. முன் பிறேக்கே இல்லாத வண்டி சுத்தமான புகை விட்டால், அது சட்டப்படி வீதிக்கு வரலாம் என்ற மாதிரித்தான் நடைமுறை இருக்கிறது. வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் சாகிற நாடு இது. அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்.

ஆனால் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போவது எங்களுக்கு வசதியான வேலை. எங்களுடைய பழக்கத்தையும் பார்க்க வேணும். எஞ்சினைப் பற்றி எங்களுக்கு ஒரு பெரிய வீரக்கதை இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. ஒரு மூடி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். எம்டி 90 வைத்திருந்த ஒவ்வொரு மாமாவிடமும் அந்தக் கதை இருக்கும். கதை உண்மைதான், கெட்டித்தனமும் உண்மைதான். அந்தக் காலத்தில் பிறேக்கைப் பற்றி யாராவது கதை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பிறேக் சூ கிடைக்காமல் என்ன செய்தார்கள், கேபிள் அறுந்தபோது என்ன கட்டினார்கள் என்று? கேட்டால் சிரிப்பார்கள். "காலை ஊண்டி நிப்பாட்டினது தான்." எஞ்சினை உயிர்ப்பிப்பது கெட்டித்தனம், பிறேக்கைப் பார்ப்பது பயந்தாங்கொள்ளி வேலை. இந்த எண்ணம் இன்னும் போகவில்லை. சைலன்சருக்கும் எல்ஈடி லைற்றுக்கும் ஸ்ரிக்கருக்கும் செலவழிக்கும் பெடியன், பிறேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டால் முழிப்பான். அப்படி ஒன்றை மாற்றுகிறதா என்றும் கேட்பான்.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம் என்றால், நின்ற வண்டிகள் இந்தத் தீவில் இப்போது ஏராளம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. நடுவில் 2022. பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த வருடம் பத்திக்குள் ஏற்றிய வண்டிகள் பல திரும்ப இறங்கவேயில்லை, ஓட்டினவர்கள் பெற்றோல் வரிசையிலிருந்து கடவுச்சீட்டு வரிசைக்குப் போய், அங்கிருந்து பிளேன் ஏறிவிட்டார்கள். புது வண்டி இல்லாத காலத்தில் பழையதுக்கு விலை ஏறியது. மூன்று வருடம் நின்றதைக் கழுவி, மினுக்கி, "குறைஞ்ச கிலோமீற்றர்" என்று விற்றார்கள். குறைந்த கிலோமீற்றர்தான், ஓடினால்தானே கூடும்!

எங்கள் குழுவில் ஒருத்தியின் அண்ணன் 2022 கடைசியில் வெளிநாடு போனார். அவருடைய டிஸ்க் பிறேக் வண்டி வீட்டு விறாந்தைக் கரையில் நின்றது. போன வருடம் அதை இவள் வேலைக்குக் கொண்டுபோக எடுத்தாள். முன்சில்லு இறுகிப்போய் இருந்தது. கராஜ் ஒன்றில் விட்டாள். பின்னேரமே தந்துவிட்டார்கள், காசும் பெரிதாக எடுக்கவில்லை. சில்லு பம்பரம் மாதிரிச் சுத்துது. முன் பிறேக்கைப் பிடித்தால் லீவர் ஒன்றும் இல்லாமல் கைபிடியில் வந்து முட்டுது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு வந்த பதில்: "பின் பிறேக் நல்லாப் பிடிக்குது தங்கச்சி. முன் பிறேக் பிடிச்சாத்தான் விழுவியள்." கழற்றிப் பார்த்தோம். பாட் இரண்டையும் எடுத்துவிட்டு, ஒயிலையும் வடித்துவிட்டு, வெறும் கலிப்பரைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். வெளியில் நின்று பார்த்தால் டிஸ்க் பிறேக் இருக்கும் வண்டி!

இது ஒரு கராஜின் கள்ளத்தனம் என்று நினைத்தால் பிழை. அந்த அண்ணைக்கு உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கை. "முன் பிறேக் பிடிச்சா கவிழும்" என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே எல்லோரும் படித்த பாடம். சைக்கிள் பழகும்போதே சொல்லித் தருகிறார்கள்.

கணக்குப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர். பிறேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. முன்சில்லு வீதியோடு அழுந்துகிறது, பின்சில்லு லேசாகிறது. லேசான சில்லை எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்குமே தவிர நிற்பாட்டாது. காய்ந்த தார் வீதியில் இரண்டு பிறேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் 50 இல் இருந்து நிற்க ஏறத்தாழ 14 மீற்றர் போதும். பின் பிறேக்கோடு மட்டும் அதைப்போல் இரண்டு மடங்கு, 28 மீற்றர் வேணும். இரண்டு மடங்கு என்றால் என்ன என்று யோசியுங்கோ. முதலாவது வண்டி முழுசாக நின்றுவிட்ட இடத்தை, பின் பிறேக் வண்டி இன்னும் 35 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கும். அந்த இடத்தில் ஒரு ஆடு நிற்கலாம். ஒழுங்கைக்குள்ளால் பந்தை விரட்டிக்கொண்டு வந்த ஒரு பிள்ளை நிற்கலாம்.

முன் பிறேக் கவிழ்க்கும் என்று சொல்பவர்கள் ஒன்றில் மட்டும் சரி: திடீரென்று வெட்டிப் பிடித்தால் கவிழ்க்கும், மணலில் பிடித்தால் வழுக்கும். இறுகின பிறேக் செய்கிறதும் அதையேதான். மெதுவாகக் கொடுக்கத் தெரியாமல், ஒன்றுமே பிடிக்காமல் இருந்துவிட்டு ஒரேயடியாகப் பிடிக்கும். பயத்துக்கு மருந்து பிறேக்கைக் கழற்றுவதில்லை.

சரி, நின்ற வண்டியில் என்னதான் நடக்கிறது? பிறேக் ஒயில் என்று நாங்கள் சொல்கிற சாமான் எண்ணெய் இல்லை. அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 போத்தலை உடைத்த அன்று அது கொதிக்க 230 பாகை வேணும். ஈரம் குடித்த பிறகு அந்தத் தரத்துக்கு எதிர்பார்க்கிற குறைந்த அளவு 155 பாகை. பல யப்பானிய நிறுவனக் கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பருத்தித்துறையிலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ, உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்த இடத்தில் நாலு மாரி நின்ற வண்டியை யோசித்துப் பாருங்கோ. குடித்த ஈரம் உள்ளுக்கிருந்து அரிக்கிறது. வெளியிலிருந்து உப்பு அரிக்கிறது. கலிப்பர் அலுமினியம், அதில் வருவது சிவப்புக் கறள் இல்லை, வெள்ளை மாவு. அந்த மாவு றப்பர் சீல் இருக்கும் பள்ளத்துக்குள் சேர்ந்து, சீலைப் பின்னாலிருந்து தள்ளி, பிஸ்டனைக் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடிக்கும். இதனால்தான் பிஸ்டனை மேலால் துடைத்து, ஏதாவது ஸ்பிறேயை அடித்துத் தள்ளிவிட்டால் ஒரு கிழமைக்குப் பிறகு திரும்ப இறுகுது. நோய் பள்ளத்துக்குள், மருந்து தோலுக்கு.

அந்த ஸ்பிறேயைப் பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூடி-40 நல்ல சாமான்தான், இறுகின நட்டுக்கு. பிறேக் டிஸ்க்கிலும் பாட்டிலும் அதை அடிப்பவனை என்னவென்று சொல்வது? உராய்ந்து நிற்கவேண்டிய இடத்துக்கு எண்ணெய் பூசுகிறான். பாட் ஒருமுறை எண்ணெய் குடித்தால் அது குப்பை. பெற்றோலால் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். பெற்றோலும் சாதாரணக் கிறீசும் எஞ்சின் ஒயிலும் பட்டால் பிறேக் சீல் றப்பர் ஊதிப் பெருக்கும். பெருத்த சீல் பிஸ்டனை இன்னும் இறுக்கும். சுத்தமான பிறேக் ஒயில், அல்லது பிறேக் றப்பருக்கென்றே வாற கிறீஸ், வேறொன்றும் உள்ளுக்குப் போகக்கூடாது.

கராஜுக்குப் போக முன் வீட்டிலேயே ஒரு விசயத்தைக் கண்டுபிடிக்கலாம். அது தெரிந்தால் உங்களை யாரும் ஏய்க்க முடியாது. முன்சில்லு இறுகி நிற்கும்போது கலிப்பரில் இருக்கும் சின்னக் காற்று நிப்பிளை, ஒரு துணி பிடித்துக்கொண்டு, கால் சுற்றுத் திறவுங்கோ. ஒயில் சீறி வந்து சில்லு விட்டுவிட்டால் குற்றம் மேலே: ஒயில் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் நிற்கிறது. ஒன்றில் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கும், இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் தையலூசியை விட மெல்லிய ஓட்டை, பழைய ஒயில் களியாகி அடைபட்டிருக்கும். வயருக்குள் இருக்கிற செப்பு இழை ஒன்றே அந்த ஓட்டையைத் திறக்கப் போதும். நிப்பிளைத் திறந்தும் சில்லு அசையவில்லையா, குற்றம் கீழே: பிஸ்டனோ, கலிப்பர் வழுக்கும் பின்னோ. இதற்கு ஒரு சின்ன ஸ்பானரும் அஞ்சு நிமிசமும் போதும். பிறேக் ஒயில் பெயின்றைத் தின்னும், பட்ட இடத்தை உடனே தண்ணியால் கழுவிவிடுங்கோ.

கலிப்பரைத் திறப்பதென்றால் பிஸ்டனைக் குறட்டால் பிடித்து இழுக்கிற வேலை வேண்டாம். அந்த மினுங்கும் மேற்பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குள்ளால் ஒயில் கசியும். ஹோஸ் பூட்டியபடி கலிப்பரை மட்டும் டிஸ்க்கிலிருந்து எடுத்து, பாட்டைக் கழற்றி, லீவரை மெல்ல மெல்ல அமத்தினால் ஒயிலே பிஸ்டனைத் தள்ளும். அந்த அழுத்தத்துக்கு முன்னால் உங்கள் கைப்பலம் ஒன்றுமில்லை. இரண்டு பிஸ்டன் வண்டியில் ஒன்று மட்டும் வந்தால், அதைக் கட்டையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு மற்றதை வரப்பண்ண வேணும். சில கராஜ்களில் காற்றுக் குழாயை வைத்து அடிப்பார்கள். பிஸ்டன் வெடிபோல் வரும், விரல் நடுவில் இருந்தால் விரல் போகும். வெளியில் எடுத்த பிறகு, சீல் ஓடும் இடத்தில் குழி விழுந்த பிஸ்டன் என்றால் மாற்றத்தான் வேணும். கறை மட்டும் என்றால் மிக நைசான சாண்ட்பேப்பரை ஈரமாக்கித் தேய்த்தால் காணும். பிறகு அந்தப் பள்ளம். சீலைக் கழற்றி, வெள்ளை மாவை ஒரு பொட்டும் மிச்சமில்லாமல் சுரண்டி எடுக்க வேணும், அலுமினியத்தைக் கீறாமல். வேலையின் முக்கால்வாசி இதுதான். பொறுமை இல்லாதவன் இதைத்தான் விடுவான். புதுச் சீல், புது ஒயில், உடைக்காத போத்தலிலிருந்து. பிறகு காற்றெடுப்பு: லீவரை அமத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, பிறகு லீவரை விடு. மேலே ஒயில் வற்றாமல் பார்த்துக்கொள். லீவர் கல்லு மாதிரி நிற்கும் வரைக்கும்.

டிறம் பிறேக் இதைவிட லேசு, அதனாலேயே அதை இன்னும் கேவலமாக நடத்துகிறோம். ஸ்கூட்டியள் பலதில் பின்னுக்கு டிறம்தான். சரிசெய்யும் நட்டைத் தளர்த்துங்கோ. பிறேக் கை திரும்பி வரவில்லையென்றால் உள்ளே திருகும் கம்பி கறள் பிடித்து இறுகியிருக்கிறது. கை வந்தும் சில்லு உருளவில்லையென்றால் சூ டிறம்மோடு ஒட்டிவிட்டது. மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டி, முன்னும் பின்னும் ஆட்ட விடும். விட்டவுடன் ஓடிவிடாதீர்கள். சில்லைக் கழற்றி, டிறம்முக்குள் இருக்கும் கறளைத் தேய்த்து, அந்தத் திருகு கம்பியை வெளியில் எடுத்துத் துடைத்து, விரல் நுனியளவு சூடு தாங்கும் கிறீஸ் பூசி, கையை எந்த அடையாளத்தில் கழற்றினீர்களோ அதே அடையாளத்தில் பூட்ட வேணும். கிறீஸைக் கனக்க வைத்தால் உருகி சூவில் வடியும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது, பழைய சூக்களில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியை எறியுங்கோ. கராஜில் வேலை பழகும் பதினாறு வயதுப் பெடியன் இதைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுவாசிக்கிறான், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுவும் எங்கள் கோபத்தில் சேரும்.

ஸ்கூட்டியைப் பற்றிச் சொல்ல இன்னொன்று. வீட்டில் பெட்டையளின் ஸ்கூட்டி பிறேக் லீவர் கல்லுப்போல் இருந்தால் "உனக்குக் கையில பலமில்லை" என்று சொல்கிறார்கள். லீவரைப் பிடிக்க ஒரு ஆளுக்குப் பலம் காணாவிட்டால் குற்றம் கேபிளில். கறள் பிடித்த கேபிளும் காய்ந்த திருகு கம்பியும் ஒருத்தியின் விரலில் இருந்து பலத்தைத் திருடிக்கொள்கின்றன. புதுக் கேபிள் போட்டுப் பாருங்கோ, அதே கை, அதே விரல், வண்டி நிற்கும்.

"காசில்லை" என்று சொல்வார்கள். அதை நாங்கள் லேசாகத் தட்டிவிடவில்லை. லீசிங் கட்டுகிறவனுக்கு ஆயிரம் ரூபாயும் காசுதான். ஆனால் இங்கே செலவு எங்கே போகிறது என்று பாருங்கோ. இறுகின கலிப்பருக்கு முழுக் கலிப்பரையும் மாற்றச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள், அது முடியாமல்தான் ஆக்கள் பிறேக்கைக் கழற்றிவிடச் சம்மதிக்கிறார்கள். நடுவில் இருக்கும் வழியை, ஒரு சீல் கிற், ஒரு போத்தல் ஒயில், ஒரு பின்னேரம், யாரும் சொல்வதில்லை. கிற்றும் ஒயிலும் சேர்ந்தாலும் ஒரு நல்ல ஹெல்மெற்றின் விலை வராது. "நீங்கள் என்ன மெக்கானிக்கோ?" என்று இன்னொரு கேள்வி வரும். இல்லை. கலிப்பர் திறந்து பழக்கமில்லையென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கோ, அல்லது கொடுத்துச் செய்வியுங்கோ. ஆனால் கழற்றின பழைய சீலைக் காட்டு என்று கேளுங்கோ. நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார், எடுத்து வைத்திருப்பார்.

முடிந்த பிறகு ஸ்ரார்ட் பண்ணாமலே முற்றத்தில் தள்ளிப் பாருங்கோ. நடை வேகத்தில் முன் பிறேக் மட்டும், பிறகு பின் பிறேக் மட்டும். பிடிக்கிறதா, விட்டவுடன் விடுகிறதா, இரண்டும் வேணும். பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு நேர் வீதியில் இருபது, முப்பது தரம் மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் புதுப் பாட்டைப் பழக்குங்கோ. இறங்கி நின்று டிஸ்க்குக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால், தொடாமல், சூடு எவ்வளவு என்று தெரியும். பிறேக் பிடிக்காமல் கொஞ்சத்தூரம் ஓடியும் சூடாக இருந்தால் பாட் இன்னும் உரசுகிறது, திரும்பத் திறக்க வேணும். அடுத்த நாள் காலையில் நிப்பிளிலும் ஹோஸ் மூட்டிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கோ.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து மச்சான்மார் வரும் காலத்தில், பத்திக்குள் நிற்கிற வண்டியின் திறப்பைக் கேட்பார்கள். இரண்டு கிழமை முந்தியே சாக்கைத் தூக்கிப் பாருங்கோ. முன்சில்லு உருளவில்லையென்றால் திறப்பு குசினி அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும், மச்சான் பஸ்சில போகட்டும்.